எதிர்க்கடைக்காரியின் தோட்டம்

"கை சும்மாதானே இருக்கு? இதைக் கொஞ்சம் விதைச்சுக் குடுங்க அக்கா."

எதிர்க்கடைக்காரி சொன்னதைக் கேட்டு பஸ் டிரைவருக்கு உச்சந்தலைவரை சூடேறியது.

பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன மனைவியிடம் பேசுகிற பேச்சா இது? இரண்டு பேரும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாகத் தையல் கடை போட்டு, வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டவர்கள். இப்போது மனைவியின் கடை பூட்டிக் கிடக்கிறது. எதிர்க்கடையில் துணி மலையாகக் குவிகிறது. அது போதாதென்று வேலை ஏவ வந்துவிட்டாள்.

"என்ன விதை?" என்றாள் மனைவி, சுவரைப் பார்த்தபடி.

"சால்வியா. ஊதா கலர்ல கதிர் கதிரா பூக்கும். முதல் வருஷம் வெறும் இலைதான். வேர் பிடிச்சுட்டா அப்புறம் வருஷா வருஷம் தானா துளிர்த்துக்கும். என் தோட்டம் பூரா இதுதான் வைக்கப்போறேன். எனக்கு நேரம் எங்க இருக்கு? உங்க துணியும் சேர்ந்து என் தலையிலதானே விழுது."

ஈர மண் நிரப்பிய குழித்தட்டை மேசைமேல் வைத்தாள்.

"குழிக்கு ஒரு விதை. மண்ணு போட்டு மூடிடாதீங்க, வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும். மேலாக விரலால அமுக்கினா போதும். இடது கை வேண்டாம், கோணலா விழும்."

"அவளால ஒரு டம்ளரைத் தூக்க முடியலைம்மா" என்றார் டிரைவர்.

"டம்ளர் கனம் அண்ணே. விதை கனமா என்ன?"

போய்விட்டாள்.

"இரு, இதைத் தூக்கிக் குப்பையில போடறேன்" என்று எழுந்தார். மனைவி சுவரிலிருந்து பார்வையைத் திருப்பித் தட்டைப் பார்த்தாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது. போட்டது போட்டபடி கிளம்பினார்.

சாயங்காலம் வந்து பார்த்தால் மேசையெல்லாம் விதை. ஈரம் பட்டதும் அந்த விதை வழுவழுவென்று ஆகி விரலோடு ஒட்டிக்கொள்கிறது, விழமாட்டேன் என்கிறது. மனைவி கையை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரிசைதான் முடிந்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் தூசு படிந்து கிடந்தது. "அதை அமுக்கி யாருக்கு என்ன லாபம்?" என்று என்றைக்கோ வீசியதுதான்.

மறுநாள் எதிர்க்கடைக்காரி தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தக் குழியில மூணு கிடக்கு. இதுல ஒண்ணுமே இல்லை. நீங்க வைக்கிற காலர் மாதிரியே இருக்கு அக்கா."

டிரைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"என் காலரைப் பத்திப் பேச நீ யாருடி? வேற தட்டு கொண்டா."

படுக்கையில் விழுந்த பிறகு அவள் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு தட்டுமேல் தட்டாக வந்தது. முதலில் விதைத்தவை முளைத்து, கடுகளவு இலை விட்டன. அவற்றை எடுத்து மண் நிரப்பிய பைக்கு மாற்றுகிற வேலையும் இவள் தலையில்தான். "இலையைப் பிடிச்சுத் தூக்குங்க, தண்டைப் பிடிச்சா நசுங்கிடும்" என்று அதற்கும் ஒரு அதிகாரம். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். ஒருநாள் மூக்குக் கண்ணாடியை வலது கையால் அவளே எடுத்து மாட்டிக்கொண்டதை டிரைவர் பார்த்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் ஆறவில்லை.

"கூலி இல்லாம ஆள் கிடைச்சா யார் விடுவா?" என்று டிப்போவில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டை வாங்கிப்போக எதிர்க்கடைக்காரி வரவில்லை. காய்ச்சலாம், கடையும் திறக்கவில்லை.

"நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். நறுக்குன்னு நாலு வார்த்தையும் கேட்டுட்டு வரேன்."

அடுத்த தெருவில், இரும்புக்கடைக்கு மேலே அவள் குடியிருக்கிற இடத்துக்கு மாடிப்படி ஏறினார். கதவு திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

ஒரே அறை. ஒரே ஜன்னல். ஜன்னல் விளிம்பு, அலமாரி, கட்டிலின் கால்மாடு எல்லாம் சால்வியா நாற்று. ராத்திரி வேலைக்கென்று வீட்டில் வைத்திருந்த, ஜன்னலோரம் இருக்கவேண்டிய தையல் மிஷின் இருட்டு மூலைக்குப் போயிருந்தது. அதன் தலைக்குமேல் பட்டப்பகலில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"தோட்டம் எங்கம்மா?"

அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தோட்டமெல்லாம் இல்லை அண்ணே. விதை கொண்டுவர்றதுக்கு முந்தி ஒருநாள் அக்காவைப் பார்க்க உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். அவங்க பந்தைத் தூக்கி எறிஞ்சாங்க. ஐயோ பாவம்னு உள்ள வந்திருந்தா என்னையும் துரத்தியிருப்பாங்க. வீம்புக்கு இழுத்தா வருவாங்கன்னு தெரியும். இத்தனை வருஷமா எதிர்ல உட்கார்ந்து பார்க்கறேனே."

தலையணையைச் சுவரோரம் சாய்த்து எழுந்து உட்கார்ந்தாள்.

"கடையில மிஷின்ல உட்கார்ந்து நிமிர்ந்தா, எதிர்ல பூட்டுதான் தெரியுது. வேலையே ஓடலை அண்ணே. அக்காகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா விதைக்கிறதை விட்டுடுவாங்க."

கொண்டுவந்த தட்டைக் கட்டிலின் கால்மாட்டில் இடம் தேடி வைத்தார்.

"மாத்திரை போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அடுத்த தட்டில் குனிந்திருந்தாள்.

"தோட்டம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. பெரிய தோட்டம்."

மனைவி ஒரு விதையை எடுத்து, குழியின் நடுவில் வைத்து, விரலால் மெதுவாக அமுக்கினாள்.

"பொய் சொல்ல உங்களுக்கு வராது. அவ இந்தப் பக்கம் வந்த புதுசுல அந்த அறையைப் பார்த்துக் குடுத்ததே நான்தான். இதுக்குமேல அங்க தட்டு வைக்க இடம் இருக்காது. நம்ம வீட்டுப் பின்பக்கம் ஒரு பாத்தி வெட்டுங்க. அவ தோட்டம் இங்க இருக்கட்டும்."