இன்னொரு தம்பி வர்றாரு

மேசையில் பிரித்து வைத்திருந்த பாகங்களில் கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் ஏக மரியாதை. சுகந்தி தன் கையாலேயே கட்டப்போகும் முதல் கம்ப்யூட்டர். கேம் விளையாடவும் வேண்டும், வீடியோ எடிட் பண்ணவும் வேண்டும். அதனால் கார்டை மாதக்கணக்கில் தேடித்தேடி வாங்கினாள். அதன் டப்பாவுக்குச் சந்தனம், குங்குமம்கூட வைத்தாள். எல்லாருக்கும் மின்சாரம் கொடுக்கவேண்டிய பவர் சப்ளையை மட்டும், "எதுவா இருந்தா என்ன" என்று ஒரு செத்துப்போன மெஷினிலிருந்து கழற்றி வந்திருந்தாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஏதோ கருகின வாடை வருதே?" என்று கார்டு முகத்தைச் சுளித்தது.

"பழைய வாடைதான் தம்பி," என்றது பவர் சப்ளை.

"நான் கரண்ட்டை நல்லா இழுப்பேன். தாங்குவீங்களா?"

"போன தம்பியும் இதையேதான் கேட்டாரு."

"அவரு இப்ப எங்க?"

அதற்குள் சுகந்தி இரண்டையும் கேபினட்டுக்குள் வைத்து ஒயரைச் சொருகினாள். சொருகியதும் ஒயர் வழியே கார்டுக்குப் பேச்சுச் சத்தம் கேட்டது. பவர் சப்ளைக்குள்ளே யார் யாரோ தங்கள் வேகத்தைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் கார்டின் குரலே இருந்தது.

"யாருங்க அவங்கல்லாம்?" என்று கார்டு கேட்டது.

சுகந்தி சிரித்துக்கொண்டே சுவிட்சில் விரலை வைத்தாள்.

பவர் சப்ளை உள்பக்கம் திரும்பி, பஸ் கண்டக்டர் மாதிரி பரிவாகச் சொன்னது: "கொஞ்சம் நெருங்கி உக்காருங்கப்பா, இன்னொரு தம்பி வர்றாரு."