ரெஜினாவின் கை

மெட்டில்டாவுக்கும் தங்கை ரெஜினாவுக்கும் அப்பாவிடமிருந்து வந்தது இந்தக் கைநடுக்கம். இருவர் பிடரியிலும் சிப் பதித்திருந்தார்கள். தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகத் தந்த ஒரு மென்பொருள் அதில் ஓடியதால் இருவர் கைகளும் நடுங்காமல் இருந்தன.

போன வாரம் மெட்டில்டாவின் சிப்பைச் செய்த கம்பெனி அதில் புது இயங்குதளத்தை ஏற்றியது; அந்த இலவச மென்பொருள் அதில் ஓடவில்லை. மறுநாள் காலையே காபி டம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது.

அவள் கணவர் செல்வின், மென்பொருளை எழுதியவர்களில் ஒரு பெண்ணையே தேடிப் பிடித்துப் பேசினார்.

"புதுசுக்கும் எழுதி முடிச்சிட்டேன் அண்ணே. யார் வேணும்னாலும் எடுத்துக்கிடலாம். அந்தக் கம்பெனிக்காரங்கதான் அதைச் சிப்புக்குள்ள விடமாட்டேங்காங்க."

"பழசுக்கே திரும்ப முடியாதாம்மா?"

"அந்த வழியையும் அடைச்சிட்டாங்க அண்ணே," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை ரெஜினா மீன்குழம்போடு வந்தாள். அவளுடைய சிப் வேறு கம்பெனியுடையது. அக்கா கையிலிருந்து சோறு சிதறுவதைக் கண்டு, முள்ளெடுத்துப் பிசைந்து ஊட்டப் போனாள். தன் கை நடுங்காதது அவளுக்கே பொறுக்கவில்லை. சட்டென்று போனை எடுத்துத் தன் மென்பொருளை அணைத்தாள். உருண்டை மெட்டில்டாவின் மடியில் விழுந்தது.

"உனக்கில்லாதது எனக்கு எதுக்குக்கா?"

மெட்டில்டாவுக்குக் கோபம்தான் வந்தது. "கிறுக்கி, நீயும் நடுங்குனா எனக்கு நின்னுருமா? அதைப் போடுட்டி முதல்ல."

நடுங்கும் விரலால் ரெஜினா நாலைந்து முறை தவறித் தவறிப் போனைத் தட்டினாள். நடுக்கம் நின்றது. மெட்டில்டா கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.