துஷாந்துக்குத் தெரியாதவை

"இந்தக் கணினியில் டாஸ்க்பாரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்?"

திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் துஷாந்த் இப்படிக் கேட்டதும் மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது.

"இங்கே அதற்கு டாக் என்று பெயர்," என்றார் மேலாளர் ஹில்டே.

ஜெனிதாவுக்குத்தான் மானம் போனது. அலுவலகத்தில் இருக்கும் தமிழரே இரண்டு பேர். அதில் ஒருத்தன் இப்படி.

ஒஸ்லோவில் கட்டட வரைபடம் கீறும் கொம்பனி அது. பல நாட்டுக்காரர் வேலை செய்வதால் கணினி எல்லாம் ஆங்கிலத்தில்தான். அதுவும் ஆப்பிளின் மேக் ஆங்கிலம். ஜெனிதாவோ பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வருடக்கணக்காக விண்டோஸில் ஊறியவள். வைத்தியர் ஓய்வுபெற்றுக் கிளினிக்கை மூடிவிட, நெடுநாள் வீட்டில் குந்தியிருந்து, நாற்பத்தெட்டு வயதில் பிடித்த வேலை இது. முதல் ஆறு மாதமும் பரீட்சைக் காலம். 'இவ சரிவரமாட்டா' என்று பட்டால் அனுப்பிவிடலாம். அந்தப் பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் நாளே வாய் தவறிவிட்டது. "ரீசைக்கிள் பின்னைக் காணவில்லையே," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

"மேக்கில் அது டிராஷ்," என்று நாலு பக்கத்திலிருந்தும் சிரித்தார்கள்.

மரக்கறித் தோலைப் பச்சைப் பையில் பிரித்துப் போடும் ஊரில், இந்தக் கணினி மட்டும் வாய் கூசாமல் குப்பை என்கிறது. அதைக் கேட்டுச் சிரிக்காமல் இவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றோடு சரி. இனி இந்த மேசையில் ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

பக்கத்து மேசைத் துஷாந்துக்கு அந்த ரோசமெல்லாம் கிடையாது. கூட்டத்துக்குக் கூட்டம் கையைத் தூக்கினான்.

"கண்ட்ரோல் பேனல் எங்கே?"

"சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தேடு."

"விண்டோவை மூடினாலும் புரோகிராம் ஏன் நிற்பதில்லை?"

"மேக்கில் மூடுவது வேறு, குவிட் பண்ணுவது வேறு."

இதே சங்கதியில்தான் வெள்ளிக்கிழமை முழுக்க ஜெனிதா மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவள் மாதிரிக் கோப்பியைக் குடித்தாள்.

வீட்டில் கணவன் கிளெமென்றிடம் கொட்டித் தீர்ப்பாள்.

"மேக்கிலை ஷார்ட்கட்டுக்கு என்ன பேர் தெரியுமோ? ஏலியாஸ்."

"எங்கடை தம்பியின்ரை பேரெல்லோ?"

"உங்கடை தம்பியும் எல்லாத்துக்கும் குறுக்கு வழி பாக்கிற ஆள்தானே. அதை விடுங்கோ. அந்தத் துஷாந்துக்கு இதுகூடத் தெரியேல்லை. ஆர்தான் அவனை வேலைக்கு எடுத்தினமோ."

"உமக்கு முதலே தெரியுமோ?"

"இண்டைக்குத்தான் தெரியும். எண்டாலும் நான் வாய் திறந்து கேக்கேல்லையே."

ஒருநாள் பின்னேரம் மெட்ரோவில் பக்கத்தில் வந்து இருந்தான் துஷாந்த். அவள் ரொம்மனில் இறங்குபவள், அவன் வெஸ்ட்லிக்குப் போகிறவன். இதுதான் சமயம் என்று தொடங்கினாள்.

"தம்பி, சொல்லுறனெண்டு குறை நினையாதையும். கூட்டத்திலை உப்பிடிக் கேட்டுக்கொண்டிருந்தா எங்கடை ஆக்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"தெரியாட்டிக் கேக்கத்தானே வேணும் அக்கா."

"இனி என்னட்டைக் கேளும். நான் சொல்லித்தாறன்."

"ஓம் அக்கா," என்று சிரித்தான்.

ஜெனிதா சொன்னபடியே செய்தாள். அடுத்தடுத்த கூட்டங்களில் அவன் கேள்விகளுக்கு ஹில்டே வாய் திறக்குமுன் இவளே பதில் சொன்னாள். எக்ஸ்ப்ளோரர் என்றால் ஃபைண்டர். கண்ட்ரோலை அமத்துகிற இடத்தில் கமாண்ட். எல்லாரும் தலையாட்டினார்கள். அவளுக்கும் சோறு இறங்கத் தொடங்கியது.

ஆறு மாதம் முடிந்ததும் ஹில்டே தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நன்றாகப் பழகிவிட்டீர்கள் ஜெனிதா. வேலை உங்களுக்கு நிரந்தரம்."

ஜெனிதாவுக்குக் கண் கலங்கியது. எழும்பி நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் சந்தோசம் தலைக்கேறினால் நாக்கு சும்மா கிடக்குமா?

"இன்னுமொரு விசயம்," என்றாள். "துஷாந்துக்கும் ஒரு பயிற்சி வகுப்பு ஒழுங்கு செய்தால் நல்லது. பாவம், மேக்கில் ஒன்றுக்கும் பெயர் தெரியாது. இப்படி ஒருவர் இருப்பது அலுவலகத்துக்கும் அழகில்லை."

ஹில்டே கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"துஷாந்துக்கா? இங்கே எங்கள் எல்லாருக்கும் மேக் பழக்கியதே அவர்தான். அவருக்குத் தெரியாமல் இருந்தது விண்டோஸ்தான்."

ஜெனிதாவுக்கு விளங்கவில்லை. "அப்படியென்றால் அந்தக் கேள்விகள்?"

"முதல் நாள் நாங்கள் சிரித்தது பிழை ஜெனிதா. அதற்குப் பிறகு நீங்கள் எதையுமே கேட்கவில்லை. அந்தக் கிழமைதான் துஷாந்த் இங்கே வந்து, பழைய விண்டோஸ் கணினி ஒன்று இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகத் தரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். நீங்கள் எந்தெந்தப் பெயரில் தேடித் தடுமாறுவீர்கள் என்று படித்துக்கொண்டு வந்தால்தான், நீங்கள் கேட்க வேண்டியதை உங்களுக்கு முந்தித் தானே பிழையான பெயரில் கேட்கலாம் என்றார்."