மறுமதிப்பீடு

"இன்னைக்குன்னு பார்த்து வேலைக்குக் கிளம்பிட்டானா? என் கூடப் பிறந்தவன்தான், ஆனாலும் சொல்றேன், அவன் நெஞ்சுல ஈரமே கிடையாது!"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாத்தனார் பொரிந்து தள்ளினாள்.

தையல்காரிக்கும் அதே ஆற்றாமைதான். உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஆள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தும், எங்கேயோ லிஃப்ட் நின்றுபோய்விட்டது என்று கணவர், காலை டீயையும் டிபனையும் கடையில் வாங்கி வைத்துவிட்டு, ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். முகத்தைக்கூட நேராகப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் மறுமதிப்பீடு கேட்டு மனுப் போட வைத்ததே அவர்தான்.

முடக்குவாதம் முதன்முதலில் விரல்களைப் பிடித்தபோது, 'லேசான பாதிப்பு' என்று சின்னதாக ஒரு தொகை ஒதுக்கியிருந்தார்கள். அதற்கப்புறம் மணிக்கட்டு வீங்கியது. முழங்கால் மடங்க மறுத்தது. தையல் மெஷின் மேல் போர்வை ஏறியது.

"முன்னைக்கு இப்போ அதிகமாயிடுச்சும்மா. மறுபடி வந்து பார்க்கச் சொல்லுவோம்" என்று அவர் சொன்னபோது, அவள் சண்டைக்கே போய்விட்டாள்.

"என்ன அதிகமாயிடுச்சு? இந்த வீட்டுல சமையல் யார் பண்றா, நீங்களா? நான் ஒண்ணும் கையாலாகாதவ இல்லை!"

கெஞ்சிக் கூத்தாடித்தான் அவளிடம் கையெழுத்து வாங்கினார்.

அதிகாரி வந்துவிட்டார். நரை கலந்த தலை, அதிர்ந்து பேசாத பெண்மணி. உட்கார்ந்ததும் கேள்வியை ஆரம்பித்தார்.

"காலையில எழுந்திருக்கிறது எப்படிம்மா, சிரமமா இருக்கா?"

"எல்லாரையும் மாதிரிதான் எழுந்திருக்கேன்."

"தலை வாரிக்கிறது?"

"நானேதான்."

"சமையல்?"

"அதுவும் நானேதான். இதுவரைக்கும் யார் கையையும் எதிர்பார்த்தது கிடையாது."

அதிகாரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து நாத்தனார் கண்ணை உருட்டினாள். வருகிற உதவியை வாயாலேயே விரட்டுகிறாளே என்ற தவிப்பு.

அதிகாரி பேனாவை மூடினார். "ரொம்ப நல்லது. அப்போ எனக்கு ஒரு டீ போட்டுத் தர்றீங்களா? நானும் அடுப்படிக்கு வரலாமா?"

"தாராளமா வாங்க!"

சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். டீத்தூள் டப்பாவை எடுத்தாள். மூடி திரும்பவில்லை. துணியைச் சுற்றித் திருகினாள். ம்ஹூம். பால் பாட்டிலை எடுத்தாள். அதுவும் அசையவில்லை.

"நேத்துகூடத் தொட்டதும் திறந்துச்சே..."

சர்க்கரை டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துத் திருகினாள். வலி தோள் வரை ஏறியது.

நாத்தனார் ஓடி வந்தாள். "இங்கே குடு, நான் திறக்கிறேன்."

"விடுங்க அண்ணி! என்னால முடியும்!"

டப்பா நழுவியது. உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. அப்போதும் மூடி கழன்றபாடில்லை.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது.

"காலையில விரல் பிரியவே மாட்டேங்குதும்மா. வெந்நீர்ல முக்கி வச்சுட்டு உட்கார்ந்திருப்பேன். கத்திரிக்கோலைப் பிடிக்க முடியலை. ஊசியில நூல் கோர்க்க முடியலை. யார்கிட்டயும் சொன்னதில்லை. சொல்லிட்டா, அது நிஜமாயிடுமோன்னு பயம்."

அதிகாரி குனிந்து டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்தார்.

"எல்லாரும் எங்ககிட்ட நல்லா இருக்கிற நாளைத்தான் சொல்வாங்க. எனக்கு இந்த நாள்தான் தெரியணும்."

டீயை நாத்தனார் போட்டாள். அதிகாரி கேட்கக் கேட்க, தையல்காரி இந்த முறை ஒளிக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல மூச்சு சீரானது.

கிளம்பும்போது அதிகாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழுத்தாமல்தான் பிடித்தார்.

"மேல் பிரிவுக்கு மாத்தச் சொல்லி எழுதறேன். தொகையும் கூடும், காலையில ஒத்தாசைக்கு ஒரு ஆளும் வருவாங்க. கரண்ட்ல ஓடுற கத்திரி ஒண்ணு இருக்கு, அதையும் சேர்த்துக் கேட்கறேன். இருக்கிற பலத்தை டப்பாவோட மல்லுக்கட்டி ஏன் வீணாக்கறீங்க? உங்களுக்குப் பிடிச்ச தையலுக்கு வச்சுக்கோங்க."

அவர் போனதும் அவள் மெதுவாக நடந்து போய், மெஷின் மேலிருந்த போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

சாயங்காலம் கணவர் வந்தார்.

"வந்துட்டார் துரை!" என்று நாத்தனார் ஆரம்பிப்பதற்குள், தையல்காரி முந்திக்கொண்டாள்.

"ஏங்க, வேணும்னேதானே பண்ணீங்க? டப்பா, பாட்டில்னு ஒண்ணு விடாம இறுக்கி வச்சுட்டுப் போயிட்டீங்க. ஊர் பேர் தெரியாதவங்க முன்னாடி என்னை அழ வச்சு வேடிக்கை பார்த்துட்டீங்களே!"

அவர் பையைக் கீழே வைத்தார். "உதவிக்கு ஆள் அனுப்பறாங்களா?"

"எழுதறேன்னு சொல்லியிருக்காங்க. பேச்சை மாத்தாதீங்க. எதுக்கு இறுக்கி வச்சீங்க?"

தப்புச் செய்தவர் மாதிரி அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் எதையும் இறுக்கலைம்மா. அந்த மூடியெல்லாம் எப்பவுமே அவ்வளவு இறுக்கம்தான். தினமும் நீ எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா தளர்த்தி வச்சுடுவேன்... இன்னைக்கு மட்டும்தான் வைக்கலை."