இரைச்சல் ஃபேன்

குணாளன் தன் கேமிங் கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். கடைசியில் ஃபேனில் வந்து நின்றது சண்டை.

"இதுல சத்தமே வராது லா."

"வேணாம். இருக்கிறதிலேயே இரைச்சலான ஃபேனைப் போடுங்க," என்றாள் மனைவி சந்திரமதி.

புருஷன் ஆசையாய் ஒன்று வாங்கினால் இவளுக்குப் பொறுக்காதே!

"என் மேல ஏன்டி இவ்ளோ கடுப்பு?"

"உங்க மேல இல்ல. நாம இங்க சண்டை போட்டா, விடியறதுக்குள்ள மாசாய் ஊர் முழுக்கத் தெரியுது. கம்ப்யூட்டரைப் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வைங்க. நாள் முழுக்க இரையட்டும்."

"இப்பவுமா கேட்டுக்கிட்டு இருக்கும் அந்தப் பொம்பளை?"

"பின்னே, அதுக்கு வேற என்ன வேலை?"

என்ன அபாண்டம்! வந்த கோபத்தில், சுவரிலிருந்து காதை எடுத்தேவிட்டேன்.