லேசான கிளச்

"மிதி!" என்று காருக்கு அடியிலிருந்து எட்வேட் கத்தினான்.

அவன் மனைவி பியற்றிஸ் கிளச் பெடலை மிதித்தாள். கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து அவளுக்குத் திட்டுத்தான். மிதித்தாலும் திட்டு, விட்டாலும் திட்டு.

"அப்பிடியே பிடி... நான் விடெண்டு சொன்னால்தான் விடவேணும். பைப்புக்குள்ளை இருக்கிற காத்து முழுக்க வெளியிலை போகாட்டிக் கிளச் வேலை செய்யாது. இதுக்குப் போய் ஏன் மூக்கை உறிஞ்சுறாய்?"

லண்டனின் மிச்சம் பகுதியில், ட்ராம் பாதைக்குப் பக்கத்தில் இருந்த எட்வேட் வீட்டுக் கராஜுக்குக் கார் வந்து சேர்ந்தது காராக அல்ல, பெட்டி பெட்டியாக உதிரிப் பாகங்களாகத்தான். அண்ணன் டொமினிக்கும் தம்பி எட்வேட்டும் ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்து, ஒவ்வொன்றாகப் பூட்டி அதை ஒரு காராக்கியிருந்தார்கள். கார் அண்ணனுடையது. அதிகாரம் மட்டும் தம்பியுடையது.

போன மாதம் கியர்பொக்ஸைத் தூக்கும்போது எட்வேட்டின் கை வழுக்கி, அது அண்ணனின் இடது பாதத்தில் விழுந்தது. "ஒரு பிளாஸ்ரர் ஒட்டினால் சரி அண்ணை. இதை ஏத்திப்போட்டுப் போவம்" என்றான். டொமினிக்குக்கு நீரிழிவு. ஆனாலும் தம்பியின் பேச்சைத் தட்டமாட்டார். நொண்டியபடியே நின்று ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

காயம் புண்ணாகி, இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறார். காரில் இருந்த கேபிள் கிளச்சோ கல்லு மாதிரி. நோகிற காலால் அதை அசைக்கவே முடியாது. அதனால்தான் கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டு எட்வேட், எண்ணெய் அழுத்தத்தில் லேசாக இறங்கும் ஹைட்ரோலிக் கிளச் பூட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் இந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகவேண்டும். அதைக் கண்ணால் பார்த்தால்தான் எட்வேட்டின் நெஞ்சு ஆறும்.

"இஞ்சாருங்கோ" என்றாள் பியற்றிஸ், மெல்ல. "இதை வலது காலாலை மிதிக்க ஏலாதோ?"

காருக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது. "விசரி! வலது காலுக்கு பிரேக்கும் அக்சிலேற்றரும் இருக்கு. கிளச்சுக்கு இடது கால்தான். இவ்வளவு காலமும் லண்டனிலை இருந்து என்னத்தைக் கண்டனீ?"

அவள் மறுபடியும் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இப்ப மிதிச்சுப் பார். எப்பிடி இருக்கு?"

"பாரமில்லை."

"பாத்தியே! சின்னப்பிள்ளையும் மிதிக்கும்."

எட்வேட் வெளியே ஊர்ந்து வந்தான். முழங்கைவரை எண்ணெய், முகத்தில் தலைகால் புரியாத சந்தோஷம். அவளை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்து, மிதித்து மிதித்துப் பார்த்தான். பிறகு எண்ணெய்க் கையாலேயே போனை எடுத்தான்.

"அண்ணைக்குச் சொல்லவேணும்."

பியற்றிஸ் அவன் கையைப் பிடித்தாள். "முதல் சாப்பிடுங்கோ. சோறு ஆறுது. சாப்பிட்டிட்டு எடுங்கோவன்."

"சோறு எங்கையும் ஓடாது. ரெண்டு சொல்லுக் கதைச்சிட்டு வாறன்."

மறுமுனையில் எடுத்தது றஜீனா அண்ணி. எட்வேட்டின் குரலைக் கேட்டதும் போனைக் கணவனிடம் கொடுத்துவிட்டாள்.

"அண்ணை! ஹைட்ரோலிக் பூட்டியாச்சு. இனி உங்கடை கால் நோகாது. சும்மா வைச்சாலே பெடல் தன்ரபாட்டிலை இறங்கும். எப்ப உங்களை வீட்டுக்கு விடுகினம்?"

பியற்றிஸ் சுவரோடு சாய்ந்துகொண்டாள். அண்ணி காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குச் செய்தி சொல்லியிருந்தாள். வேலை முடிந்து, அவன் ஒரு பிடி சோறு சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றுதான் இவ்வளவு நேரமும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

 போனில் அண்ணனின் குரல், கோபமே இல்லாமல் வந்தது.

"தம்பி... அதை ஒற்றைக் காலாலை ஓடுற மாதிரி மாத்த ஏலுமோ?"