கீரி கேட்ட செயலி

காட்டுக் கல்லூரியின் கலைவிழாவுக்காக அணில் ஒரு செயலி வடிவமைத்தது. வேண்டிய நிகழ்ச்சியைத் தொட்டால் போதும், டிக்கெட் வந்துவிடும்.

விழாக் குழுவின் தலைவரான கீரிக்கு அது பிடிக்கவில்லை. “இவ்வளவு சுலபமா? ஒரே டிக்கெட்டில் முயல் கூட்டமே உள்ளே வந்துவிடும். முகத்தைப் படம் பிடிக்கச் சொல்.”

அணில் அதைச் சேர்த்தது.

“நரி முகமூடி போட்டு வந்தால்? கால் தடத்தையும் கேள். குரலையும் கேள்.”

“மைனா முதல்முறையாக மேடையேறுகிறாள், அண்ணே. கூட்டம் வரவேண்டாமா?”

“அவளுக்காக நீ ஏன் இவ்வளவு பேசுகிறாய்?” என்று கீரி அணிலையே சந்தேகமாகப் பார்த்தது. அணில் எல்லாவற்றையும் சேர்த்தது.

விழா அன்று வாசலில் வரிசை நகரவே இல்லை. முயலின் காலில் சேறு இருந்ததால் செயலி அதை ஏற்கவில்லை. மானுக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலி அரங்கைப் பார்த்த மைனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அது வெளியே பறந்து போய், வேலிமேல் உட்கார்ந்து பாடத் தொடங்கியது. வரிசையில் நின்றவை நின்ற இடத்திலேயே ஆடின.

உள்ளே கீரி ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் குனிந்து பார்த்தது. “ஒரு திருட்டுப் பயல்கூட நுழையவில்லை” என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டது.